நாம்பென்? கொல்கத்தா சுரங்க ரயிலில் நான்கு நாள்

டிசம்பர் 9, செவ்வாய்: ஹவுரா

கங்கையின் கிளையான ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ரயில் ஓடுகிறது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அண்ணி கொல்கத்தா வரச் சம்மதித்தார். காளி கோயில், விக்டோரியா மண்டபம், ரசகுல்லா என்று நான் காட்டிய ஆசை எதற்கும் அவர் மசியவில்லை. “காவிரிப் பாலத்தில் ஆயிரம் தடவை போயாயிற்று. ஆற்றுக்குக் கீழே ஒரு தடவை போக வேண்டும். அதற்கென்றால் வருகிறேன்” என்றார்.

அண்ணிக்கு அறுபத்து மூன்று வயது. உறையூர்க்காரர். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மகன் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பதால் இந்தக் கார்த்திகையில் முட்டைகூடத் தொடமாட்டார். பள்ளி நாட்களில் இந்திப் பிரசார சபையின் மத்தியமா தேர்வில் தேறியவர். அந்தச் சான்றிதழை நம்பித்தான் இரண்டு பெண்கள் மொழி தெரியாத ஊருக்குத் தனியாகக் கிளம்பினோம். ஹவுராவில் இறங்கி முதல் போர்ட்டரிடம் பேசியபோதே தெரிந்துவிட்டது, அண்ணியின் இந்தி பாடப்புத்தகத்து இந்தி. ‘கிருபயா’ என்று தொடங்கினார். யாரோ பெரிய அதிகாரி வந்துவிட்டதாக எண்ணி அந்த மனிதர் ஓரடி தள்ளி நின்றார்.

ரயில் நிலையத்தை ஒட்டியே சுரங்க ரயிலுக்கு வழி. 33 மீட்டர் ஆழம். பத்து மாடிக் கட்டடம் ஒன்றைத் தலைகீழாக மண்ணில் நட்டு வைத்தது போல, ஒரு நகரும் படி முடிந்தால் இன்னொன்று, அது முடிந்தால் மற்றொன்று. முதல் படிக்கட்டின் தலைப்பிலேயே அண்ணி நின்றுவிட்டார். புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, காலை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக, குளத்துப் படியில் பாசி இருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி. பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. நம் ஊராக இருந்தால் இதற்குள் நாலு பேர் உச்சுக்கொட்டியிருப்பார்கள். குரங்குக் குல்லாய் போட்ட ஓர் இளைஞன் முன்னால் வந்தான். கையைப் பிடிக்கவில்லை, தன் முன்னங்கையை மடக்கிக் கைப்பிடிக் கம்பி போல நீட்டினான். “தொருன், மாஷிமா” என்றான். பிடித்துக்கொள்ளுங்கள், சித்தி. அண்ணி பிடித்துக்கொண்டார். மூன்று படிக்கட்டும் அப்படியே இறங்கி, கீழே வந்ததும் அவன் கையை உதறிக்கொண்டு கூட்டத்தில் மறைந்துவிட்டான். நன்றி சொல்ல அண்ணி ‘தன்யவாத்’ என்ற சொல்லைத் தேடி எடுப்பதற்குள் ஆள் இல்லை.

குரங்குக் குல்லாய் பற்றி ஒரு வார்த்தை. வெளியே பதினாறு, பதினேழு டிகிரி இருக்கும். நமக்கு அது குளிர்தான். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் இமயமலை ஏறப் போகிறவர்கள் மாதிரி கழுத்து, காது, தாடை எல்லாவற்றையும் கம்பளியால் மூடிக்கொண்டிருந்தார்கள். சுரங்கத்துக்குள் புழுங்கியது. அப்போதும் யாரும் குல்லாயைக் கழற்றவில்லை.

தர்மதலாவில் அறை எடுத்திருந்தோம். அங்கே போக எஸ்பிளனேட் நிலையத்தில் இறங்க வேண்டும். ஆளுக்குப் பத்து ரூபாய். பிளாஸ்டிக் டோக்கன் ஒன்று தந்தார்கள். ஏறி உட்கார்ந்ததும் அண்ணியின் காதில் சொன்னேன்: “இங்கிருந்து கிளம்பியதும் ஆறுதான். 520 மீட்டர். நாற்பத்தைந்து விநாடி. சன்னலில் நீல வெளிச்சம் தெரியும், பார்த்துக்கொண்டே இருங்கள்.” அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். ரயில் அசைந்தது. அந்த அசைவில் அவர் மடியிலிருந்த டோக்கன் விழுந்து உருண்டது.

அடுத்து நடந்ததை நான் மறக்கமாட்டேன். எதிர் வரிசையில் இருந்த ஏழு பேரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கினார்கள். ஒருவர் பையை நகர்த்தினார், ஒரு பெண் குனிந்து கைப்பேசி விளக்கை அடித்தாள், கதவோரம் நின்ற பெரியவர் “ஓய் தோ, ஓய் தோ” என்று விரலால் வழி காட்டினார். டோக்கன் ஒரு பள்ளிக்கூடப் பையனின் செருப்புக்கு அடியில் கிடைத்தது. கை மாறிக் கை மாறி அண்ணியிடம் வந்தது. அண்ணி தலை நிமிர்ந்து, “எங்கே நீல வெளிச்சம்?” என்றார்.

“கங்கா ஷேஷ்” என்றான் அந்தப் பையன். கங்கை முடிந்துவிட்டது.

இரவு வரை அண்ணி என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆற்றை ஒளித்து வைத்தது நான்தான் என்பது போல. மண்குவளை தேநீர் பத்து ரூபாய். அதை இரண்டு முறை வாங்கிக் கொடுத்தும் பலனில்லை.

டிசம்பர் 10, புதன்: தர்மதலா

எஸ்பிளனேட் என்று நிலையத்தில் எழுதியிருக்கிறதே தவிர, வாயால் அப்படிச் சொல்கிறவர்கள் குறைவு. எல்லோருக்கும் அது தர்மதலாதான். பஸ் நடத்துநர், பழ வண்டிக்காரர், எங்கள் விடுதிப் பையன் எல்லோரும் தர்மதலா என்றே சொல்கிறார்கள்.

இந்த நிலையம் உண்மையில் இரண்டு நிலையங்கள். ஒன்று பழையது. இந்தியாவின் முதல் சுரங்க ரயில் 1984 அக்டோபர் 24 அன்று புறப்பட்ட இடம் இதுதான். இங்கிருந்து பவானிபூர் வரை 3.4 கிலோமீட்டர், மொத்தம் ஐந்தே நிலையங்கள். மற்றது புதியது, 2024 மார்ச்சில் ஆற்றுக்கு அடியில் வந்த பாதைக்காகக் கட்டியது. இரண்டுக்கும் நடுவே நடந்து போக வேண்டும். எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள். அண்ணியின் முழங்காலைக் கேளுங்கள். அவர் கணக்கில் உறையூர் வெக்காளியம்மன் கோயிலிலிருந்து தெப்பக்குளம் வரை. மிகைதான், ஆனால் காலை ஒன்பதே முக்கால் மணிக்கு எதிரே வரும் கூட்டத்துக்கு வழி விட்டு விட்டு நடந்தவர்களுக்கு மிகையாகத் தோன்றாது.

கூட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. ஹவுரா, சியால்தா என்று இந்த நகரத்துக்கு இரண்டு பெரிய ரயில் முனையங்கள். ஒன்றில் இறங்கி மற்றொன்றுக்குப் போக முன்பெல்லாம் பஸ்ஸில் நெரிசலில் ஊர்ந்துதான் ஆக வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்ட் 22-ல் எஸ்பிளனேடுக்கும் சியால்தாவுக்கும் நடுவே விட்டுப்போயிருந்த துண்டு திறந்த பிறகு, அந்தப் பயணம் பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டது. இரண்டு முனையத்துக் கூட்டத்துக்கும் நடுவில் வடிகால் இந்த நிலையம். அலுவலக நேரத்தில் இங்கே நின்றால் நாம் நடக்க வேண்டியதில்லை, அவர்களே கொண்டுபோய் விடுவார்கள்.

பழைய பாதையின் ரயிலில் ஏறியபோது முதல் பாடம். பெட்டிக்குள் நுழைந்தோம், மகளிர் இருக்கையில் ஓர் ஆடவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வாயே திறக்கவில்லை. அந்தப் பக்கம் இருந்த இரண்டு பெண்மணிகள் ஒரே குரலில் “தாதா, லேடீஸ் சீட்!” என்றார்கள். அவர் எழுந்துவிட்டார். ஆனால் அது ஒரு இடம்தான், நாங்கள் இருவர். உடனே ஒருவர், “ஏக்டு சேப்பே போஷுன்” என்றார். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஏழு பேர் வரிசை அலை போல ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்ந்தது. எட்டாவதாக நான் நுழைந்தேன். என் இடுப்பில் பாதி காற்றில் இருந்தது, இருந்தாலும் உட்கார்ந்துவிட்டேன் என்று எல்லோரும் திருப்தியோடு பார்த்தார்கள். எழுந்திருக்க மனம் வரவில்லை. இரண்டு நிலையங்கள் தொடையால் தாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது பாடம்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. கதவருகே நின்றுகொண்டிருந்தால் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: “நாம்பென்?” இறங்குவீர்களா என்று பொருள். ஆம் என்றால் கேட்டவர் பேசாமல் பின்னால் நிற்பார். இல்லை என்றால் இருவரும் தோளைத் திருப்பி இடம் மாற்றிக்கொள்வார்கள். நீங்களும் உங்களுக்கு முன்னால் நிற்பவரைக் கேட்டு வைக்க வேண்டும். இப்படி நிலையம் வருவதற்கு முன்பே பெட்டி முழுக்க ஒரு விசாரணை நடந்து, இறங்குகிறவர்கள் கதவுப் பக்கம், இறங்காதவர்கள் உள்பக்கம் என்று சலித்து எடுத்தது போலப் பிரிந்துவிடுகிறது. இடிப்பதற்குப் பதில் கேட்கிறார்கள். அண்ணிக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. பக்கத்துப் பெண்ணிடம் கேட்டு பதிலையும் கற்றுக்கொண்டார்: “நாம்போ.” இறங்குவேன். மத்தியமா இந்தியைவிட இந்த ஒரு சொல்தான் ஊர் முழுக்கப் பயன்பட்டது. ஒரு தடவை விபரீதமாகவும் பயன்பட்டது. அது பின்னால் வரும்.

மதியம் தர்மதலாவுக்குப் பக்கத்தில் டேக்கர்ஸ் லேன். பழைய அலுவலகச் சந்து. மதிய நேரத்தில் நிற்க இடமில்லை. நான் கோழி ஸ்டூவும் வெண்ணெய் தடவிய டோஸ்ட்டும் சாப்பிட்டேன். தண்ணீராக, மிளகு வாசனையோடு, காரட்டும் பப்பாளித் துண்டும் மிதக்க, காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும் சூப் போல இருந்தது, ஆனால் கிண்ணத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அண்ணிக்குக் குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் பச்சைப் பட்டாணிக் கச்சோரி. “கொராய்ஷுட்டிர் கொச்சுரி” என்ற பெயரைச் சரியாகச் சொல்ல அவருக்கு நான்கு முயற்சி தேவைப்பட்டது. நான்காவதில் கடைக்காரர் கூடுதலாக ஒன்று வைத்தார்.

பிற்பகல் புதிய பாதையில் சியால்தா வரை சும்மா போய் வந்தோம். இங்கே நடைமேடை விளிம்பில் கண்ணாடித் தடுப்பு. ரயில் வந்து நின்றால்தான் திறக்கும். பளிங்கு போன்ற தரை, சில்லென்ற காற்று. கூட்டம் இருந்தும் சத்தமில்லை. பலர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே ஊர் மக்கள், பத்து நிமிடம் முன்பு பழைய ரயிலில் யாரோ ஒருவரின் மகன் கல்யாணத்தைப் பற்றிப் பெட்டி முழுக்கக் கேட்க விவாதித்தவர்கள், இங்கே வந்ததும் வங்கியில் நிற்பவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். எனக்கென்னவோ சேப்பே போஷுன் ரயில்தான் வசதியாக இருக்கிறது.

ஆனால் அந்த அமைதியான பெட்டியில் ஒரு பேச்சுக் கிடைத்தது. என் பக்கத்தில் பள்ளி ஆசிரியை போன்ற ஒரு பெண்மணி. எஸ்பிளனேடை விட்டு ரயில் கிளம்பிச் சிறிது நேரத்தில் அவர் விரலால் மேலே, பெட்டியின் கூரையைக் காட்டினார். “போவ்பஜார்” என்றார். பொற்கொல்லர்களின் பகுதி. 2019 ஆகஸ்ட் 31 அன்று இதே சுரங்கத்தைக் குடைந்துகொண்டிருந்த இயந்திரம் நிலத்தடி நீரூற்றைத் தொட்டுவிட்டது. தண்ணீரும் மண்ணுமாக உள்ளே பாய்ந்து, மேலே இருந்த பழைய வீடுகள் விரிசல் விட்டன. சில சரிந்தே விழுந்தன. நூற்றுக்கணக்கானவர்களை உடுத்திய துணியோடு விடுதிகளுக்கு அனுப்பினார்கள். அவருடைய அத்தையும் அவர்களில் ஒருவர். “அத்தை இந்த ரயிலில் ஏறுவதில்லை. நான் ஏறுகிறேன். எனக்கு வேலை சால்ட் லேக்கில்” என்றார் ஆங்கிலத்தில். இரண்டரை கிலோமீட்டர்கூட இல்லாத துண்டு அது. ஆறு வருடம் தாமதமானதன் காரணம் அவர் விரல் காட்டிய அந்த இடத்தில் இருந்தது. அண்ணி அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். அதற்குள் சியால்தா.

டிசம்பர் 11, வியாழன்: இரண்டு நேதாஜிகள்

இன்றைய குழப்பத்துக்கு நானே முழுப் பொறுப்பு. எழுதி வைத்துவிடுகிறேன், அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். டிக்கெட் சன்னலில் “இரண்டு, நேதாஜி” என்றேன். உள்ளே இருந்தவர், “குத்காட்?” என்று ஏதோ கேட்டார். புரிந்த பாவனையில் தலையாட்டினேன். புரியாதபோது தலையாட்டுவது என் நாற்பதாண்டுப் பழக்கம். ஆளுக்குப் பதினைந்து ரூபாய் வாங்கிக்கொண்டார். பக்கத்தில்தானே, ஏன் பதினைந்து என்று அண்ணி முணுமுணுத்தார். அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

பார்க் ஸ்ட்ரீட், மைதான், ரவீந்திர சதன். ரவீந்திர சதனில் சுவரைப் பார்க்க மறக்காதீர்கள். தாகூர் தன் கையெழுத்துப் பிரதிகளில் அடித்த வரிகளையே கோடுகளாக இழுத்துப் பறவையும் முகமுமாக ஆக்கிவிடுவாரே, அவற்றைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்தது நேதாஜி பவன் என்று ஒலிபெருக்கி சொன்னது. பின்னாலிருந்து “நாம்பென்?” வந்தது. “இல்லை, இல்லை, எங்கள் சீட்டு நேதாஜிக்கு” என்று நான் அண்ணியைப் பிடித்து நிறுத்தினேன். பவன் என்பது ஏதோ அரசு அலுவலகமாக இருக்கும் என்று எனக்குள் ஒரு தீர்மானம். கதவு மூடியது.

காளிகாட் போயிற்று. ரவீந்திர சரோபர் போயிற்று. அப்புறம் திடீரென்று சன்னலில் சூரியன். சுரங்க ரயில் தரைக்கு வந்து, பிறகு தூண்களின் மேலேயும் ஏறிவிட்டது. மாடி வீடுகளில் காயும் புடவைகள், பால்கனியில் வெயில் காயும் தாத்தாக்கள். “நேதாஜி வீடு இவ்வளவு தூரமா?” என்றார் அண்ணி. நேதாஜி நிலையத்தில் இறங்கி, வாயிலருகே நின்ற ஒரு பெரியவரிடம் வீட்டுக்கு வழி கேட்டோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கத்தான் அந்தத் துடைப்பு என்று பிறகு தெரிந்தது.

“அம்மா, எங்கள் ஊரில் இடத்துக்கு ஒரு பெயர், நிலையத்துக்கு ஒரு பெயர்” என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். “இந்த இடம் குத்காட். நிலையம் நேதாஜி. அடுத்த இடம் பான்ஸ்துரோணி, நிலையம் மாஸ்டர்தா சூர்ய சென். அதற்கடுத்தது நாக்தலா, நிலையம் கீதாஞ்சலி. டாலிகஞ்ச் இப்போது மகாநாயக் உத்தம் குமார். நாங்கள் இடத்தின் பெயரைச் சொல்லுவோம், ஒலிபெருக்கி மகானின் பெயரைச் சொல்லும். நீங்கள் போக வேண்டியது நேதாஜி பவன். முதன்முதல் ரயில் ஓடியபோது அதற்குப் பவானிபூர் என்று பெயர்.”

அதோடு விட்டுவிடவில்லை. மேஷோமோஷாய் (அண்ணி அதற்குள் அப்படித்தான் அழைக்கத் தொடங்கியிருந்தார், சித்தப்பா முறை) எங்களுக்கு டிக்கெட் வாங்கும் இடத்தைக் காட்டி, தானும் அதே திசையில்தான் போவதாகச் சொல்லி உடன் வந்தார். போகிறவராகத் தோன்றவில்லை, கையில் காய்கறிப் பை இருந்தது. நடைமேடையில் நின்றபோது கீழே ஓடிய கறுப்புத் தண்ணீரைக் காட்டினார். சாக்கடை என்றே நினைத்திருந்தோம். “ஆதி கங்கை. கங்கையின் பழைய ஓட்டம் இதுதான். இதன் மேலேயே தூண் நட்டு ரயில் விட்டுவிட்டார்கள்.”

அண்ணி என்னைப் பார்த்தார். கங்கைக்குக் கீழே போக வந்தவர், தெரியாமலேயே கங்கைக்கு மேலே வந்து நின்றுகொண்டிருந்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ரயிலில் மேஷோமோஷாய் பழைய கதை சொன்னார். 1972 டிசம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். சௌரங்கி சாலையைத் தோண்டத் தொடங்கியபோது இவர் கல்லூரி மாணவர். மேலிருந்து வெட்டி, கட்டி, மூடும் முறை என்பதால் ஊரின் நடுத்தெருவே பல வருடம் பள்ளமாகக் கிடந்தது; மழைக்காலத்தில் சேறு முழங்கால் வரை. ரயில் ஓடிய நாளில் இவர் கையில் குழந்தை. “போக இடமில்லை, ஆனால் போய்த் திரும்பி வந்தோம். ஊர் முழுக்க அப்படித்தான் ஏறி இறங்கியது.” குளிர்சாதனம் இல்லாத பழைய பெட்டிகள் 2021 அக்டோபர் வரை ஓடினவாம். அந்தச் சன்னல் காற்றையும் சுரங்கத்தின் இரைச்சலையும் பற்றிப் பேசும்போது அவர் குரல் உயர்ந்தது, பெட்டி அமைதியாக இருந்தும். எங்களை நேதாஜி பவனில் இறக்கிவிட்டு, கதவுக்குள்ளிருந்தபடியே பையை உயர்த்திக் காட்டினார். அடுத்த நிலையத்தில் இறங்கி மறுபடி குத்காட் போயிருப்பார் என்று அண்ணி அடித்துச் சொல்கிறார்.

நேதாஜி வீட்டைப் பற்றி விரிவாக எழுதப் பலர் இருக்கிறார்கள். 1941 ஜனவரி 16 நள்ளிரவில் பட்டாணியர் வேடத்தில் அவர் தப்பிச் சென்ற வாண்டரர் கார் அங்கேயே நிற்கிறது; ஓட்டியவர் அண்ணன் மகன் சிசிர். அவர் நடந்து வெளியேறிய வழியைத் தரையில் பாதத் தடங்களாகக் குறித்திருக்கிறார்கள். இந்திய தேசிய ராணுவப் படங்களில் மலாயாத் தமிழர் முகம் எது என்று அண்ணி வெகுநேரம் தேடினார். அவருடைய பெரிய தாத்தா ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்.

மாலை காளிகாட் நிலையம். கோயிலில் பத்து நிமிடம், அதற்கு மேல் அந்த நெரிசல் தாங்கவில்லை. நிலையத்துக்கு மறுபக்கம் லேக் மார்க்கெட். தென்னிந்தியர்கள் பல காலமாகக் குடியிருக்கும் பகுதி இது. வாழை இலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, அரைத்த காப்பித் தூள் மணம். ஒரு வங்காளிக் காய்க்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, “முருங்கைக்காய் வேண்டுமா அம்மா? நல்ல பிஞ்சு” என்றார் தமிழில். மூன்று நாளாகக் கிருபயாவும் தன்யவாதுமாக இருந்த அண்ணி பேரம் பேசும் ஆசையிலேயே நான்கு முருங்கைக்காய் வாங்கிவிட்டார். விடுதி அறையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. அவை இப்போது ரயில் பையில் உறையூர் வந்துகொண்டிருக்கின்றன.

டிசம்பர் 12, வெள்ளி: மீண்டும் ஆறு

பகலெல்லாம் நியூ மார்க்கெட். சொல்ல ஒன்றுமில்லை, வாங்கியது இரண்டு சால்வை, விலை சொன்னதில் பாதி.

நள்ளிரவுக்கு ஊர் திரும்பும் ரயில். இரவு எட்டு மணிக்கே பெட்டிகளோடு எஸ்பிளனேட் நிலையத்துக்குள் இறங்கினோம். அண்ணியின் கையில் புது ஈச்சவெல்லம் போட்ட ரசகுல்லா, மண்சட்டியில். மேலே காகிதம் கட்டி, சணல் சுற்றி, ‘நிமிர்த்திப் பிடியுங்கள்’ என்று கடைக்காரர் மூன்று முறை சொல்லிக் கொடுத்தது. சோதனை இயந்திரத்தின் பட்டையில் நான்தான் அதைப் படுக்க வைத்தேன். மறுமுனையில் பை வெளியே வந்தபோது பழுப்பு நிறப் பாகு பட்டையோடு கோடு போட்டுக்கொண்டு வந்தது. காவலர் எழுந்தார். “கீ ஆச்சே?” என்ன இருக்கிறது? அண்ணி, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில், “ரசகுல்லா” என்றார். “நொலேன் குர்?” (புது வெல்லமா?) என்றார் காவலர், விசாரணையாக அல்ல, அக்கறையாக. ஆமாம் என்றதும் அவரே மேசையிலிருந்த பழைய செய்தித்தாளைக் கிழித்துச் சட்டிக்கு அடியில் சுற்றிக் கொடுத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கோபப்படுவார்கள் என்று திரும்பினேன். ஒரு அம்மாள், தூரப் பயணத்துக்கு டப்பாவில் அடைத்ததைத்தான் வாங்கியிருக்க வேண்டும் என்று சொன்னார். இன்னொருவர், டப்பாவில் அடைத்தது ரசகுல்லாவே இல்லை என்றார். நாங்கள் நகர்ந்த பிறகும் அந்த விவாதம் நடந்துகொண்டிருந்தது.

ரயிலில் கூட்டம். உட்கார இடமில்லை, கதவோரம் சுவரோடு ஒட்டி நின்றோம். இந்தத் தடவை ஆற்றை விடுவதில்லை என்று அண்ணி டோக்கனைக் கைக்குட்டையில் முடிந்து, முடிச்சை இடுப்பில் செருகியிருந்தார். மகாகரன் நிலையம் நெருங்கியது. அது முடிந்தால் ஆறு. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

“நாம்பென்?”

அண்ணியின் முகம் மலர்ந்தது. மூன்று நாள் பயிற்சி. “நாம்போ!” என்றார், பெட்டி முழுக்கக் கேட்க.

கதவு திறந்தது. கேட்டவர் நம்பிக்கையோடு முன்னால் நகர, அவருக்குப் பின்னால் இருபது பேர் நகர, அண்ணி, ரசகுல்லா, முருங்கைக்காய், சால்வை, நான் எல்லோரும் மகாகரன் நடைமேடைக்கு வந்து சேர்ந்தோம். கண்ணாடித் தடுப்பு மூடியது. எங்கள் ரயில் ஆற்றுக்குள் போயிற்று.

“சொல்லத் தெரிந்ததைச் சொன்னேன்” என்றார் அண்ணி.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நள்ளிரவு வரை நேரம் இருந்தது. அடுத்த ரயிலில் நம்ப முடியாத அளவுக்கு இடம் காலியாக இருந்தது. முன்னதிலேயே எல்லோரும் போய்விட்டார்கள் போலும். அண்ணி சன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். சட்டி மடியில், இரண்டு கையும் அதன் மேல். ரயில் கிளம்பிச் சிறிது தூரம் இருட்டு. பிறகு சன்னலுக்கு வெளியே நீலம். வட்டச் சுரங்கத்தின் சுவரில் வரிசையாக நீல விளக்குகள், ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வந்தன. தண்ணீர் எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது. இருந்தாலும் அண்ணி கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்தார், ஈரம் இருக்கிறதா என்று. வாய்க்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. சுலோகம் என்று நினைத்தேன். குனிந்து கேட்டபோது, “முப்பத்தாறு, முப்பத்தேழு” என்றது.

நீலம் முடிந்தது.

“நாற்பத்தொன்று. நாற்பத்தைந்து என்று சொன்னாயே?”

“நீங்கள் மெதுவாக எண்ணியிருப்பீர்கள் அண்ணி.”

“நான் சரியாகத்தான் எண்ணினேன். நாலு விநாடி குறைகிறது.”

வேகம் தணிந்தது. பாகு ஒழுகிய சட்டியை அணைத்துக்கொண்டு எழுந்து கதவருகே போனோம். முதுகுக்குப் பின்னால் ஒரு சிறுமியின் குரல், “நாம்பென்?”

அண்ணி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், என் பக்கம் திரும்பினார். “இது எந்த நிலையம் என்று முதலில் நீ சொல்.”